முதுகு வலிக்கிறது என்று குழந்தை சொன்னால்: லுகேமியா சிகிச்சையில் எலும்புகளுக்கு நேர்வது என்ன?

பெங்களூரு: காக்ஸ் டவுனை ஒட்டி, பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்துக்கு அருகே அமைந்த ஜீவனஹள்ளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கு ஒரு வீட்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, லுகேமியா எனும் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையின் எட்டாவது மாதத்தில் இருக்கிறாள் எனக் கொள்வோம். காய்ச்சல் இல்லை. இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீராக இருக்கிறது. உதிர்ந்த தலைமுடி மீண்டும் முளைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் காலையில் எழும்போது முதுகைப் பிடித்துக்கொள்கிறாள். பாட்டி தைலம் தேய்த்து விடுகிறார். இத்தனை மாதங்கள் படுத்தே கிடந்ததால் வந்த வலி என்று வீட்டில் முடிவாகிறது. இன்னும் சில நாள்கள் ஓய்வு எடுக்கட்டும் என்கிறார் தந்தை.

அன்பினால் எடுக்கப்பட்ட இவ்விரு முடிவுகளும் தவறாகப் போகக்கூடும். அந்த வலி, முள்ளெலும்பு ஒன்று நசுங்கியதால் வந்திருக்கலாம். மேலும் சில நாள்கள் காரணமின்றிப் படுக்கவைத்தால் எலும்பு இன்னும் மெலியும்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.எல்.எல். என்பர். உயர்வருவாய் நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இன்று பிழைத்து வாழ்கின்றனர். இந்தியாவில் அந்த நிலை எளிதில் வந்துவிடவில்லை. 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் இங்கு ஐந்தில் ஒரு குழந்தையே குணமடைந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1980-களின் நடுப்பகுதியில் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றத் தொடங்கின. அத்திட்டத்தின்கீழ் சிகிச்சை பெற்ற 1,048 நோயாளிகளின் விவரங்கள் 2005-ஆம் ஆண்டு வெளியாயின. நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்களின் அளவு, மருத்துவமனையைப் பொறுத்து வேறுபட்டாலும், முன்பைவிடப் பெரிதும் உயர்ந்திருந்தது. இந்திய நிலைமைக்கு அது பெரும் பாய்ச்சல். அதன் பின்னர் சிகிச்சை மேலும் முன்னேறியுள்ளது.

பிழைப்பார்களா என்பதே கேள்வியாக இருந்த காலத்தில் எலும்பைப் பற்றி எவரும் அதிகம் கேட்கவில்லை; கேட்டிருக்கவும் முடியாது. பிழைத்தவர்கள் பல்லாயிரமாகப் பெருகியுள்ள இன்று அந்தக் கேள்வி தவிர்க்க இயலாததாகிவிட்டது.

நோயே தொடங்கி வைக்கும் சேதம்

எலும்புப் பாதிப்பு என்றதும் பலரும் மருந்துகளையே குற்றஞ்சாட்டுகின்றனர். உண்மையில் சேதத்தைத் தொடங்கி வைப்பது நோய்தான். லுகேமியா தோன்றுமிடம் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை. புற்றணுக்கள் அங்கு நெருக்கியடித்துப் பெருகும்போது, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் வேதிப்பொருள்களும் சுரக்கின்றன. நோயின் முதல் அறிகுறியாகக் கால்வலியும் முதுகுவலியும் பல குழந்தைகளிடம் தோன்றுவது இதனால்தான். மூட்டுவாதம் என்றோ, வளரும் பிள்ளைக்கு வரும் வலி என்றோ கருதி வாரக்கணக்கில் நாள்கள் கழிந்துவிடுவதும் உண்டு.

இதை அளந்து காட்டியது கனடாவில் நடைபெற்ற ஓர் ஆய்வு. ஏ.எல்.எல். கண்டறியப்பட்ட 186 குழந்தைகளின் முதுகெலும்பு, சிகிச்சை தொடங்கும் கட்டத்திலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கப்பட்டது. அவர்களில் 16 விழுக்காட்டினருக்கு அப்போதே குறைந்தது ஒரு முள்ளெலும்பாவது நசுங்கியிருந்தது. அதே குழந்தைகள் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அதன் முடிவுகள் 2018-இல் வெளியாயின. அக்காலத்தில் மூன்றில் ஒருவருக்கு, துல்லியமாகச் சொன்னால் 32.5 விழுக்காட்டினருக்கு, முள்ளெலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது. கை, கால் உள்ளிட்ட பிற எலும்புகளில் முறிவு கண்டவர்கள் 23 விழுக்காட்டினர்.

முறிவுகள் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில், அதாவது சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, நேர்ந்தன. முள்ளெலும்பு நசுங்கிய குழந்தைகளில் கணிசமானோர் எந்த வலியையும் சொல்லவில்லை. வலி இல்லை என்பதால் முறிவு இல்லை என்று கொள்ள முடியாது என்பதே இதன் பொருள். வலி இருந்தும் தைலத்தோடு நிறுத்திக்கொள்வது அதைவிடப் பெரிய பிழை.

மருந்துகள் எலும்பைத் தொடும் விதம்

எலும்பு கல்லைப் போல அசைவற்றுக் கிடக்கும் பொருள் அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. குழந்தைப் பருவத்தில் கட்டும் பணி முந்தி ஓடுகிறது. ஒரு மனிதனின் வாழ்நாள் எலும்பு இருப்பில் மிகப் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டிச் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு பெரும்பாலும் இருப்பைக் காப்பதுதான் நடக்கும். இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் நீளும் ஏ.எல்.எல். சிகிச்சை, இந்தச் சேமிப்புக் காலத்தின் நடுவில் வந்து விழுகிறது.

மருந்துகளில் எலும்பை அதிகம் தாக்குவது ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் சிகிச்சையின் முதல் நான்கைந்து வாரங்களில் நாள்தோறும் தரப்படுகிறது. பின்னர் பராமரிப்புக் கட்டத்திலும் பல சிகிச்சைத் திட்டங்களில் மாதத்துக்குச் சில நாள்கள் தரப்படுகிறது. எலும்பைக் கட்டும் செல்கள் உருவாவதை இது குறைக்கிறது. இருப்பவற்றை விரைவில் மடியச் செய்கிறது. கரைக்கும் செல்களின் ஆயுளை நீட்டுகிறது. குடலில் கால்சியம் உட்கிரகிக்கப்படுவது குறைகிறது, சிறுநீரில் வெளியேறுவது கூடுகிறது. தொடைத் தசைகளும் மெலிவதால், தரையில் உட்கார்ந்த குழந்தை கையை ஊன்றாமல் எழ முடியாமல் போகிறது. தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு தடிக்கும். இழுக்கும் தசை சோர்ந்தால் எலும்பும் சோர்கிறது.

மற்ற மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. மெத்தோட்ரெக்சேட் எலும்பைக் கட்டும் செல்களைப் பாதிக்கிறது. வின்கிரிஸ்டின் கால் நரம்புகளைத் தளர்த்துவதால் பாதம் தொய்ந்து, குழந்தை அடிக்கடி தடுக்கி விழுகிறது. தலைக்குக் கதிர்வீச்சு தரப்பட்டிருந்தால் வளர்ச்சி ஹார்மோனும் பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோன்களும் பின்னாளில் குறையக்கூடும். இரண்டுமே எலும்பு முதிர்வதற்கு இன்றியமையாதவை. எம்.சி.பி.-841 காலத்தில் தலைக் கதிர்வீச்சு வழக்கமான சிகிச்சையின் ஒரு பகுதி. இன்றைய திட்டங்கள் அதைக் கூடியமட்டும் தவிர்க்கின்றன. ஆனால் அன்று சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்கள் இன்று நடுத்தர வயதினர். அவர்களுடைய எலும்பும் இக்கணக்கில் வரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ஸ்டீராய்டு எலும்பைக் கெடுக்கும் என்று படித்துவிட்டு எந்தப் பெற்றோரும் மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. புற்றணுக்களை அழிப்பதில் அதற்கு நிகரான மருந்துகள் மிகச் சிலவே. மருந்து தவறினால் நோய் திரும்பும் அபாயம் உண்டு. தொடர்ந்து எடுத்துவந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். மெலிந்த எலும்பைப் பின்னர் சரிசெய்ய வழிகள் உள்ளன. திரும்பிவந்த லுகேமியாவை வெல்வது முதல்முறையைக் காட்டிலும் மிகக் கடினம்.

வீட்டில் நடக்கும் பாதுகாப்பு

மருத்துவமனையில் தரப்படும் மருந்துகளை மாற்ற முடியாது. வீட்டில் நடப்பதை மாற்ற முடியும். ஆனால் எலும்பு இழப்பில் வீட்டின் பங்கு பற்றிப் பேசப்படுவது குறைவு.

நோயுற்ற பிள்ளையைப் போற்றிப் பாதுகாப்பது என்றால் நம் குடும்பங்களில் அசையவிடாமல் வைத்திருப்பது என்றே பொருள். நடந்தால் களைத்துவிடும் என்று தூக்கிச் செல்கிறார்கள். வெயில் ஆகாது, தூசி ஆகாது என்று கதவைச் சாத்துகிறார்கள். கையில் கைப்பேசியைக் கொடுத்துப் படுக்கவைக்கிறார்கள். கீமோதெரபி நடக்கும்போது தொற்றுக்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தைத் தவிர்ப்பதும் கை கழுவுவதும் மருத்துவர்களே வலியுறுத்துபவை. ஆனால் தொற்றுக்காக வந்த கட்டுப்பாடு, மெல்ல மெல்ல அசைவுக்கான தடையாகவே மாறிவிடுகிறது. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழிந்த பிறகும், விளையாட்டு வகுப்பில் அனுமதிக்க வேண்டாம் என்று பள்ளிக்குக் கடிதம் கொடுக்கும் பெற்றோர் உண்டு.

உடல் எடையைத் தாங்கி நிற்கும்போதும் நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்வுதான், இங்கே கட்டு என்று எலும்புக்குக் கிடைக்கும் ஆணை. படுக்கையில் அந்த ஆணை கிடைப்பதில்லை. விண்வெளி வீரர்களின் எலும்பு மெலிவதும் இதே காரணத்தால்தான். ஜீவனஹள்ளி போன்ற நெருக்கமான பகுதிகளில் விளையாட்டுத் திடல் தேடிப் போக வேண்டும் என்பது மெய்யே. எனினும் இதற்குத் திடல் வேண்டியதில்லை. மாடிப்படி ஏறி இறங்குவதும், தெருமுனைக் கடைக்கு நடந்து சென்று வருவதும், பாட்டுக்கு ஆடுவதும் எலும்புக்குப் போதுமான தொடக்கம். சற்றுத் தேறியதும் கயிறு தாண்டலாம். தமிழ்ப் பிள்ளைகள் பாண்டி என்றும் கன்னடப் பிள்ளைகள் குண்ட்டே பில்லே என்றும் ஆடும் கட்டம் தாண்டும் ஆட்டத்தைப் போல எலும்புக்கு உகந்த பயிற்சி வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

நீச்சல் நல்ல பயிற்சிதான். ஆனால் நீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதனால் கிடைக்கும் பயன் சிறிது. இரத்தத் தட்டுகள் குறைந்திருக்கும் நாள்களிலும், முள்ளெலும்பு நசுங்கியிருப்பது உறுதியான பிறகும், இடுப்பு மூட்டில் பாதிப்பு இருக்கும்போதும் குதிப்பதும் மோதி விளையாடுவதும் கூடாது. எது எப்போது கூடும் என்பதை மருத்துவரிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்கப்பட வேண்டிய கேள்வி, "எவ்வளவு ஓய்வு வேண்டும்?" என்பது மட்டுமன்று, "எவ்வளவு அசையலாம்?" என்பதும்தான்.

பாலும் கேழ்வரகும் வெயிலும்

கால்சியம் பற்றிய கணக்கு அவ்வளவு கடினமானதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 7 முதல் 9 வயதுவரை உள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் தேவை. 10 முதல் 12 வயதில் அது 850 மில்லிகிராம். 13 முதல் 15 வயதில் 1,000 மில்லிகிராம்.

பசும்பால் 100 மில்லிலிட்டரில் சுமார் 118 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம். ஆக, 200 மில்லிலிட்டர் டம்ளரில் இருமுறை பாலும், 50 கிராம் கேழ்வரகில் செய்த களியோ கஞ்சியோ அடையோ உண்டால் நம் ஏழு வயதுச் சிறுமியின் அன்றாடத் தேவை ஏறத்தாழ நிறைந்துவிடுகிறது. ராகி முத்தே நாள்தோறும் உண்ணப்படும் கர்நாடகத்தில் இது வெளியிலிருந்து வாங்கி வரவேண்டிய உணவன்று. கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதைத் தடுக்கிறது. தானியத்தை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் அந்தத் தடை குறையும். பாட்டிமார் கைக்குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகில் கூழ் காய்ச்சியது இந்த வேதியியலை அறிந்து செய்ததன்று என்றாலும், பலன் அதேதான். முருங்கைக் கீரையும் எள்ளும் துணை சேர்க்கலாம். சிகிச்சைக் காலத்தில் பால் நன்கு காய்ச்சியதாகவும் உணவு புதிதாகச் சமைத்ததாகவும் இருக்க வேண்டும்.

கர்நாடக அரசு, பள்ளிகளில் பால் வழங்கும் க்ஷீர பாக்யா திட்டத்தை 2013-இல் தொடங்கியது. 2024 முதல் வாரத்தில் சில நாள்கள் ராகி மால்ட்டும் சேர்ந்தது. பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு இந்தப் பாலும் இல்லை, மால்ட்டும் இல்லை, மைதானமும் இல்லை. சிகிச்சையால் பள்ளி தவறுவதைப் படிப்பு இழப்பாக மட்டுமே கணக்கிடுகிறோம். எலும்பின் கணக்கில் அது மும்மடங்கு இழப்பு.

வைட்டமின் டி நிலை வேறு. பெங்களூரும் சென்னையும் ஏறத்தாழ 13 பாகை வட அட்சக்கோட்டில் அமைந்தவை. ஆண்டு முழுவதும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 2016-18-இல் நடத்தப்பட்ட தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில், 5 முதல் 9 வயதுவரை உள்ள குழந்தைகளில் 18 விழுக்காட்டினரிடமும் வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினரிடமும் வைட்டமின் டி குறைபாடு காணப்பட்டது. இது நோயற்ற பிள்ளைகளின் நிலை. கதவுக்குள் பல மாதங்கள் இருந்த பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்கின்றன. எனவே நேரம் பார்த்து, அளவு பார்த்து, மருத்துவரின் ஒப்புதலோடு வெளியே அனுப்புவதே முறை.

மாத்திரை கொடுத்தால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை இதைச் சோதித்துப் பார்த்தது. ஏ.எல்.எல்.-இலிருந்து மீண்ட 275 பேருக்கு உணவு ஆலோசனை வழங்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குக் கூடுதலாகக் கால்சியமும் வைட்டமின் டி-யும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரைகள் தரப்பட்டன. 2014-இல் வெளியான முடிவின்படி, உணவு ஆலோசனையைத் தாண்டி மாத்திரைகளால் எலும்பு அடர்த்தியில் கூடுதல் பயன் எதுவும் ஏற்படவில்லை. இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவர்களுக்கு மாத்திரை கட்டாயம் தேவை. குறைபாடே இல்லாத பிள்ளைக்குத் தரப்படும் மாத்திரை, தவறிய விளையாட்டுக்கு ஈடாகாது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உள்ளது. வாரம் ஒருமுறை எடுக்கவேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலத்தைத் தவறாக நாள்தோறும் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. உடலில் கால்சியம் மிகுந்தால் வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை தோன்றும். மருந்துச் சீட்டில் "வாரம் ஒன்று" என்று எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்வது நல்லது.

எந்தப் பரிசோதனை, எப்போது?

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பெருநகர மருத்துவமனைகளில்தான் கிடைக்கிறது. அதன் முடிவைக் குழந்தைகளுக்குப் படிக்கும் முறையும் வேறு. முதியோருக்கான டி மதிப்பெண்ணைக் குழந்தைக்குப் பொருத்துவது தவறு; ஒத்த வயதும் பாலினமும் கொண்டவர்களோடு ஒப்பிடும் இசட் மதிப்பெண்ணே பார்க்கப்பட வேண்டும். ஸ்டீராய்டால் உயரம் குன்றிய குழந்தையின் எலும்பு, சிறியதாக இருப்பதாலேயே அடர்த்தி குறைந்ததாகக் காட்டும். இதற்காக உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியக் குழந்தைகளுக்கான ஒப்பீட்டு அளவுகளைப் புணேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர்.

டெக்ஸா எட்டாத இடத்திலும் செய்யக்கூடியது முதுகெலும்பின் பக்கவாட்டு எக்ஸ்ரே. தாலுகா மருத்துவமனையிலும் எடுத்துவிடக்கூடிய எளிய சோதனை அது. குழந்தைகளின் எலும்பு அடர்த்தி குறித்த பன்னாட்டு வழிகாட்டுதல்களின்படி, பெரிய விபத்தோ அந்த இடத்தில் வேறு நோயோ இன்றி ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தாலே அது ஆஸ்டியோபோரோசிஸ்தான். அடர்த்தி எண் என்னவாக இருந்தாலும் சரி. எண் சீராக இருக்கிறது என்று முதுகுவலியைத் தள்ளிவிடுவதற்கு இனி இடமில்லை.

முதுகெலும்பு நசுங்கியது உறுதியானால் நம்பிக்கை இழக்க வேண்டிய நிலை இல்லை. வளரும் முள்ளெலும்புக்கு மறுபடியும் தன் வடிவத்தை எட்டும் ஆற்றல் உண்டு. பெரியவர்களுக்கு அது கிடையாது. கனடா ஆய்வில் முள்ளெலும்பு நசுங்கிய குழந்தைகளில் 23 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஆறாண்டு முடிவில் வடிவம் முழுமையாகத் திரும்பவில்லை. வயதில் மூத்தவர்களும் கடுமையாக நசுங்கியவர்களும்தான் அவ்வாறு பின்தங்கினர். ஏழு வயதுச் சிறுமிக்குக் காலம் துணையாக நிற்கிறது. பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அந்தக் காலம் குறைவு. எனவே அவனுடைய முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுப்பதில் ஒரு மாதம்கூடத் தாமதிக்கலாகாது.

வலி மிகுந்தவர்களுக்கும், தானாகச் சீராகும் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கும் ஜொலிட்ரோனிக் அமிலம், பாமிட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் நரம்பு வழியே தரப்படுகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்களை இவை அடக்குகின்றன. முன்னெச்சரிக்கையாக எல்லோருக்கும் தரும் மருந்தன்று இது. தொடங்குமுன் வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்யாவிட்டால் இரத்தத்தில் கால்சியம் அபாயகரமாகச் சரியலாம். முதல் தவணைக்குப் பிறகு காய்ச்சல் வருவது வழக்கம். ஆனால் லுகேமியா சிகிச்சையில் உள்ள குழந்தையின் எந்தக் காய்ச்சலையும் மருந்தின் விளைவு என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

விடலைப் பருவத்தினரின் இடுப்பு வலி

எலும்பு மெலிவதிலிருந்து வேறுபட்ட இன்னொரு பாதிப்பு, எலும்புத் திசுவே இறந்துபோவது. ஸ்டீராய்டினால் எலும்பின் நுண்ணிய இரத்த ஓட்டம் தடைபட்டு, குறிப்பாக இடுப்பு மூட்டின் பந்து போன்ற தலைப்பகுதி உயிரிழக்கிறது. முழங்காலிலும் இது வரும். ஸ்டீராய்டோடு அஸ்பராஜினேஸ் மருந்தும் சேரும்போது அபாயம் கூடுகிறது.

இங்கு வயது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1,409 பேரிடம் நடைபெற்று 2000-இல் வெளியான ஆய்வில், பத்து வயதுக்கு உட்பட்டோரில் 0.9 விழுக்காட்டினருக்கே இப்பாதிப்பு ஏற்பட்டது. 10 முதல் 20 வயதினரிடம் அது 14.2 விழுக்காடாக இருந்தது. அந்த எண் சிகிச்சைத் திட்டங்களையே மாற்றியது. டெக்ஸாமெத்தசோனை மூன்று வாரங்கள் தொடர்ந்து தராமல், இடையில் ஒரு வாரம் நிறுத்தித் தந்தால் என்னவாகும் என்று அடுத்த ஆய்வு சோதித்தது. பத்து வயதைக் கடந்து, தொடக்கச் சிகிச்சைக்கு விரைவில் பலன் தெரிந்தவர்களிடம் பாதிப்பு 17 விழுக்காட்டிலிருந்து 8.7 விழுக்காடாகக் குறைந்தது. 2012-இல் இம்முடிவு வெளியானது. எலும்பைப் பற்றிய கவலை, மருந்து தரும் நாள்காட்டியைத் திருத்தி எழுதிய அரிய நிகழ்வு அது.

தொடை இடுக்கில் வலி, நடையில் நொண்டல், காலை உட்புறம் திருப்ப இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். தொடக்கத்தில் எக்ஸ்ரே முற்றிலும் சீராகத் தோன்றும். எம்.ஆர்.ஐ. மட்டுமே உண்மையைக் காட்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற ஆறுதலோடு திரும்பி வந்த சிறுவன் ஆறு மாதங்கள் கழித்தும் நொண்டிக்கொண்டிருந்தால், எம்.ஆர்.ஐ. கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மூட்டின் தலைப்பகுதி சரிந்துவிட்ட பிறகு, இளம் வயதிலேயே மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை வரை போக நேரிடும்.

சிகிச்சை முடிந்த பின்னர்

ஜீவனஹள்ளியிலிருந்து ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் நினைவு புற்றுநோய் நிறுவனத்துக்கோ கோரமங்களாவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனைக்கோ ஒரே நகருக்குள் போய்வந்துவிடலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்கு வரும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. சிகிச்சை முடிந்ததும் வருகைகள் தளர்வதில் வியப்பில்லை. நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதோடு மறுபரிசோதனை முடிந்துவிடுகிறது என்பதும் பல இடங்களில் உண்மை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்தவர்களுக்கெனத் தனிப் பிரிவை 1991-லேயே தொடங்கியது. குணமானவர்களையும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதிதன்று. எல்லா ஊர்களுக்கும் இன்னும் பரவவில்லை என்பதே குறை.

தலைக்கோ முழு உடலுக்கோ கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு எலும்பு அடர்த்திக் கண்காணிப்பு வேண்டும் என்று 2021-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. சிகிச்சை முடிந்து 2 முதல் 5 ஆண்டுகளில் நீண்டகாலக் கண்காணிப்பு தொடங்கும்போது முதல் டெக்ஸா எடுக்கப்பட வேண்டும். அது சீராக இருந்தால், எலும்பு இருப்பு உச்சத்தை எட்டும் 25 வயதில் மீண்டும் ஒருமுறை. கதிர்வீச்சு பெறாதவர்களுக்கு, பெற்ற மருந்துகளையும் முறிவு வரலாற்றையும் வைத்து மருத்துவர் முடிவெடுப்பார்.

அதற்கு அந்த வரலாறு கையில் இருக்க வேண்டும். ஏழு வயதில் சிகிச்சை பெற்றவள் இருபத்தைந்தில் வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கலாம். அவளைப் பார்க்கும் மருத்துவர் புதியவராக இருப்பார். எந்தத் திட்டத்தில் சிகிச்சை நடந்தது, எந்த ஸ்டீராய்டு எவ்வளவு தரப்பட்டது, மெத்தோட்ரெக்சேட் உயர் அளவில் செலுத்தப்பட்டதா, தலைக்குக் கதிர்வீச்சு உண்டா, எந்த எலும்பு எந்த ஆண்டில் முறிந்தது ஆகிய விவரங்களோடு ஒரு பக்கச் சுருக்கத்தைச் சிகிச்சை முடியும் நாளில் மருத்துவமனையிடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே உறையில் அதையும் வைத்துவிடலாம்.